ஆறாவது குண்டு

மார்ச் 9, சனி

இருபத்தைந்து மீற்றரில் நின்ற கடதாசி இலக்கை நோக்கி இன்று சம்பந்தி ஆறு குண்டு சுட்டார். இரண்டு பட்டன. மற்ற நான்கும் எங்கே போயின என்பது கடவுளுக்கும் கல்லுக்குழியின் பின்சுவருக்கும்தான் தெரியும். புகை கலைந்ததும் திரும்பி, "சத்தம் எப்பிடி, சம்பந்தி?" என்று கேட்டார்.

சத்தத்துக்குப் புள்ளி கொடுக்கிற விளையாட்டை இன்னும் எவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரரிடம் அப்படிச் சொல்ல முடியாது. "நல்லா இருந்தது" என்றேன். மிச்சத்தை எழுதத்தான் இந்தக் கொப்பி.

துவக்கு அவருடையது. போன இலையுதிர் காலத்தில் ஒரு சந்தையில் வாங்கினார். நூற்றைம்பது வருடங்களுக்கு முந்தைய அமெரிக்கச் சுழல் துவக்கின் நகல். இதற்குத் தோட்டா கிடையாது. உருளையில் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, குழலுக்குக் கீழே இருக்கும் நெம்புகோலால் அழுத்தி, வாயைக் கொழுப்பால் பூசி மூடவேண்டும். பின்பக்கம் ஆறு சின்னச் செப்புத் தொப்பிகள். சுத்தியல் தொப்பியில் விழுந்தால் பொறி உள்ளே போகும். எவ்வளவு மருந்து என்பதுதான் கேள்வி. துவக்கோடு வந்த சிறு புத்தகம் மூன்று மொழிகளில் மூன்று விடை சொல்கிறது. சம்பந்தியின் விடை: கொள்கிற அளவு.

இந்தப் பிரெஞ்சுப் பட்டணத்தில் முப்பது வருடம் பலசரக்குக் கடை நடத்தியவர் இவர். நான் ஊரில் இரசாயனம் படிப்பித்தவன். இங்கே வந்து உணவகத்தில் கோப்பை கழுவியபோதுகூடச் சவர்க்காரத்தை அளந்துதான் ஊற்றினேன். அளக்காமல் விட்ட இடத்தில் எனக்குக் கை அரிக்கும்.

இந்தக் கல்லுக்குழியில் சுடுகிற கழகத்தின் தலைவர் ரெனார், நாங்கள் ஒருவரையொருவர் ஒரே சொல்லால் கூப்பிடுவதைக் கேட்டு, அது எங்கள் குடும்பப் பெயர் என்று நினைத்துவிட்டார். பலகையில் "பெரிய சம்பந்தி", "சின்னச் சம்பந்தி" என்று எழுதுகிறார். வயதில் நான் மூத்தவன். அவர் வயிற்றைப் பார்த்துத் தீர்மானித்திருக்கிறார்.

மார்ச் 10, ஞாயிறு

மகள் நிரூபா இரண்டு பெட்டிகளோடு வந்தாள். ஒரு கிழமைக்கு என்றாள். குளிர்கால உடுப்பும் கோடைகால உடுப்பும் கொண்டுவந்திருக்கிறாள்.

மார்ச் 16, சனி

சம்பந்திக்கு இன்று பாடம் நடத்தினேன். தேத்தண்ணி சரியில்லை என்று வையுங்கள். சீனியையும் பாலையும் சாயத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால், அடுத்த தேத்தண்ணி நன்றாக வந்தாலும் ஏன் வந்தது என்று தெரியாது. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றலாம். முதலில் மருந்து.

"அப்ப தேத்தண்ணி ஆறிப்போயிடுமே, சம்பந்தி" என்றார். இவருக்குப் படிப்பித்த ஆசிரியரை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

கழகத்துக் குடிசைக்குள் காற்றுப்படாமல் சின்னத் தராசை வைத்து மருந்தை நிறுத்தேன். குறைக்கக் குறைக்கக் குண்டுகள் நெருங்கின. ஒரு கட்டத்துக்குப் பிறகு மறுபடி சிதறின. மருந்து குறைந்தால் குண்டு அறையின் ஆழத்துக்குப் போய்விடுகிறது. குழலுக்குள் நுழைய முன் வெறும் இடத்தில் நெடுந்தூரம் பாய்கிறது. ரெனார் வந்து எட்டிப்பார்த்து, மருந்துக்கு மேலே ரவை போட்டுக் குண்டை உயர்த்துங்கள் என்றார். இங்கே எல்லாரும் அப்படித்தானாம்.

சம்பந்தி வாயைப் பிளந்தார். "முப்பது வருசம் ரவை வித்தனான். பிரெஞ்சுக்காரர் வாங்கேக்கை எல்லாம் இவையளும் உப்புமா தின்னுறவை எண்டு சந்தோசப்பட்டனான்."

வேலையைப் பிரித்துக்கொண்டோம். மருந்து நிறுப்பது நான். ரவை போட்டு, குண்டை அழுத்தி, கொழுப்புப் பூசுவது அவர். சுடுவது நான். அவர் கையில் சுடக் கொடுத்தால் மருந்துக்கு மட்டுமல்ல, ரெனாரின் கூரைக்கும் நட்டம்.

திரும்பும் வழியில், வீதியைப் பார்த்தபடியே, "பிள்ளை சாப்பிடுறாளோ?" என்று கேட்டார்.

"சாப்பிடுறாள்."

ஒரு பழைய பாட்டைப் பாடத் தொடங்கினார், இரண்டாம் அடியைப் பிழையாக.

மார்ச் 19, செவ்வாய்

மனைவி தவமணி ரவைப் போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, போன கிழமை அரைவாசி இருந்தது."

சொன்னேன். அவள் பத்து நிமிடம் கீரை நறுக்கினாள். பிறகு கத்தியை வைத்தாள். "ஊரில கண்ட துவக்கே போதும் எண்டுதான் அதை வீட்டுக்குள்ள விடேல்லை. இப்ப என்ர ரவை துவக்குக்குள்ள போகுதோ? அதுவும் அந்தாளோட?"

"அளவு ஒண்டு கண்டுபிடிக்கிறம்."

"மகள் அந்த வீட்டு வாசலைத் தாண்டி வந்து நிக்கிறாள். நீங்கள் அந்த வீட்டுத் தகப்பனோட கூத்தாடுறியள். சனம் என்ன சொல்லும்? அளவைக் கண்டுபிடிச்சு முடியுங்கோ. முடிஞ்ச நாளோட தில்லையரோட ஒரு போக்குவரத்தும் வேண்டாம்."

நியாயமான பேச்சு. எனக்கென்ன, சம்பந்தி தில்லையம்பலத்தின் வாயைப் பார்க்கவா போகிறேன்? அளவு முடிந்தால் நான் ஏன் அந்தக் கல்லுக்குழிக்குப் போகப்போகிறேன்? சரி என்றேன்.

மார்ச் 30, சனி

ரவை கடையில் வாங்கினோம். வறுக்காதது. வறுத்தது நெம்புகோலுக்குக் கீழே நொறுங்குகிறது என்று சம்பந்தி கண்டுபிடித்தார். தற்செயல்தான். எலிகூடச் சில நேரம் சரியான பானையைத் திறக்கும்.

ஆறு குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மருமகன் சுதர்சன் வந்தான். ஒரு மணித்தியாலம் இருந்தான். கார் நிறுத்த இடமில்லை என்றான். பின்னால் போனால் இருக்கும் என்றேன். பின்னால்தான் நிறுத்தினேன் என்றான். நிரூபா அறையை விட்டு வரவில்லை. அவன் அடிப்பவனல்ல, குடிப்பவனல்ல. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லாத பிள்ளை. நிரூபாவைக் கேட்டால், "அவர் வீட்டில இருக்கிறாரோ இல்லையோ எண்டு நான் விளக்கைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கிறனான், அப்பா" என்கிறாள்.

இவ்வளவு கதைக்கிற தகப்பனுக்கு இப்படி ஒரு மகன். சொற்களை எல்லாம் தகப்பனே செலவழித்துவிட்டார்.

ஏப்ரல் 13, சனி

நாளை வருடப்பிறப்பு. வருடா வருடம் சம்பந்தி வீட்டுக்கு வந்து மருமகளுக்குக் கைவிசேசம் கொடுப்பார். இந்த முறை சுட்டு முடித்துத் துவக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, வெற்றிலையில் சுற்றிய நாணயத்தை என் சட்டைப் பையில் வைத்தார். "பிள்ளையிட்டைக் குடுங்கோ. வேண்டாம் எண்டால் உண்டியலில போடுங்கோ. திருப்பிக் கொண்டுவராதேங்கோ."

வெற்றிலையில் கருமருந்துக் கறுப்பு அப்பியிருந்தது. கை கழுவிவிட்டுத் தர இந்த மனிதருக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

நிரூபா வாங்கிக்கொண்டாள். தவமணி பார்க்கவில்லை. வெற்றிலையைக் கழுவாமல் அப்படியே வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 20, சனி

மருந்து ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. மேலே ரவை, குண்டு அறையின் வாய்க்குக் கொஞ்சம் கீழே நிற்கும் அளவுக்கு. ஆறு குண்டும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாய்க்குள். ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு. ரெனார் இலக்கை எடுத்துப்போய் எல்லாருக்கும் காட்டினார். விளிம்பு வரை மருந்தடித்துப் புகைக்குள் நின்று இருமும் அந்தக் கிழட்டுப் பட்டாளம் கைதட்டியது. அவர்களுக்கு என்ன விளங்கும்?

சம்பந்தி கைதட்டவில்லை. "அப்ப முடிஞ்சுதோ, சம்பந்தி?" என்றார். கடைக் கதவை இழுத்துப் பூட்டுகிற நேரத்து முகம்.

ஒருமுறை வந்ததை விளைவு என்று எழுதக்கூடாது. வகுப்பில் நான் இதைத்தான் சொல்வேன். மாங்காய்க்கு எறிந்த முதல் கல்லில் மாங்காய் விழுந்தால் நீ குறிகாரன் இல்லை. இன்னொரு கல் எடு. அதையே அவருக்கும் சொன்னேன். காற்றும் இல்லை இன்று. காற்றில் பார்க்கவேண்டும். வெயிலில் பார்க்கவேண்டும்.

"ஓமோம். வெயிலில கட்டாயம் பாக்கவேணும்" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அறிவியலில் அக்கறை.

அளவு முடிந்ததா என்று தவமணி கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.

மே 4, சனி

ஐந்து குண்டு கோப்பைக்குள். ஆறாவது ஒரு சாண் வெளியே. சொன்னேனே, ஒருமுறை வந்தது விளைவல்ல என்று.

மே 11, சனி

மறுபடி ஐந்து உள்ளே, ஒன்று வெளியே. உருளையில் ஒரு அறை கோணலாக இருக்கலாம். நிரூபாவின் நகப்பூச்சால் அறைகளுக்கு இலக்கமிட்டேன். "என்ர சிவப்பு எங்க?" என்று தேடினாள். சொல்லவில்லை.

மே 18, சனி

வெளியே போனது மூன்றாம் அறைக் குண்டு. அறை மூன்றுதான் கோணல் என்று முடிவுகட்டினேன்.

மே 25, சனி

இன்று வெளியே போனது ஐந்தாம் அறைக் குண்டு. மூன்றாம் அறைக் குண்டு நடுவில். கோணல் ஒவ்வொரு கிழமையும் வீடு மாறாது. அப்படியானால் துவக்கில் பிழை இல்லை. மருந்தை நான் நிறுக்கிறேன், ஆகவே மருந்தில் பிழை இல்லை. மிஞ்சுவது ரவை.

"உங்கட கையில ஏதோ பிசகுது" என்றேன், மரியாதையாக.

"வயசு போகுதெல்லே, சம்பந்தி" என்றார். கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மிக்சர் பையைப் பிரித்து முதலில் என்னிடம் நீட்டினார். முந்திரிப்பருப்பைத் தனக்கு ஒதுக்கிக்கொள்கிற ஆள். இன்று அதுவும் இருந்தது.

ஜூன் 8, சனி

நிரூபா மேசையில் கிடந்த இலக்குகளைத் தேதிப்படி அடுக்கினாள். மருந்தகத்தில் வேலை செய்பவள், எதையும் அடுக்காமல் விடமாட்டாள். ஏப்ரல் மாத இலக்கை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அப்பா, இது ஏப்ரலிலேயே முடிஞ்சுது."

"இல்லைப் பிள்ளை. ஆறாவதைப் பார். ஒவ்வொரு முறையும் போகுது."

"ரவை போடுறது ஆர்?"

"உன்ர மாமா. கை தளர்ந்துபோச்சு."

அவள் சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. "மாமா கடையில கால் கிலோ ரவையைக் கையால அள்ளிப் போடுவார், அப்பா. தராசு முள்ளு ஆடாது. போன மாசம்கூட எனக்கு முன்னால அப்பிடி அள்ளிக் காட்டினவர்."

போன மாதம் இவள் எங்கே மாமாவைக் கண்டாள் என்று நான் கேட்கவில்லை. மருந்தகத்துக்கு மாத்திரை வாங்க வந்திருப்பார். அவருக்குச் சீனி வியாதி இருக்கிறது.

கடை நடத்துவது வேறு, துவக்கு வேறு.

ஜூன் 15, சனி

அவர் ஆறு அறையையும் நிரப்பி, கொழுப்புப் பூசி, துவக்கை என்னிடம் தந்துவிட்டு ரெனாரோடு கதைக்கப் போனார். எனக்கு ஒரு ஐயம் தீரவேண்டியிருந்தது. குடிசையின் மூலையில் நின்று ஒரு குச்சியால் ஒவ்வொரு அறையின் கொழுப்பையும் ஒதுக்கிப் பார்த்தேன். ஐந்தில் குண்டு ஒரே மட்டத்தில் நின்றது, நூல் பிடித்தாற்போல. இரண்டாம் அறையில் மட்டும் ஒரு நெல்லளவு கீழே. ரவை அரைவாசிதான் போட்டிருக்கிறார்.

கவனக்குறைவு என்றால் ஆறும் ஆறு மாதிரி இருக்கும்.

வெளியே அவர் ரெனாருக்குக் கையை விரித்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அவருடைய பிரெஞ்சு அவருடைய குறியைப் போன்றது. ரெனார் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

கொழுப்பைத் திரும்பப் பூசிவிட்டேன். சுட்டேன். ஐந்து உள்ளே, ஒன்று வெளியே.

"சே" என்றார் அவர்.

"சே" என்றேன் நான்.

ஜூலை 10, புதன்

நிரூபாவும் சுதர்சனும் வழக்கறிஞர் முன்னால் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். சண்டை இல்லை. வெளியே வந்து அவன் அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். "நாலு வருசத்தில அதைத்தான் நல்லாச் செய்தவர்" என்றாள் நிரூபா. பிறகு அறைக்குள் போனாள். நானும் தவமணியும் கூடத்தில் இருந்தோம். தொலைக்காட்சியில் யாரோ யாருக்கோ விசம் வைத்துக்கொண்டிருந்தார்கள். அணைக்கத் தோன்றவில்லை.

"இனி அவை ஆரோ, நாங்கள் ஆரோ" என்றாள் தவமணி. சரியான கணக்கு. பிள்ளைகள் வழியாக வந்த உறவு பிள்ளைகள் வழியாகப் போகிறது. எடுத்துக்காட்டாக, பாலத்தை எடுத்துவிட்டால் இரண்டு கரைக்கும் ஒன்றுமில்லை. அது அதன் பாட்டில் கரையாக இருக்கும்.

ஜூலை 13, சனி

அவர் வரவில்லை. நான் எதிர்பார்க்கவுமில்லை. யன்னலோரம் இருந்தது வெளிச்சத்துக்காக. நிம்மதியான பின்னேரம். அந்தத் தொணதொணப்பு இல்லை, மிக்சர் துகள் இல்லை, காருக்குள் பழைய பாட்டைப் பிழையாகப் பாடுகிற குரல் இல்லை.

இரண்டு முறை குளித்தேன்.

ஜூலை 20, சனி

நிம்மதி.

தராசைத் துடைத்தேன். அதில் தூசி இல்லை. துவக்கு அவர் வீட்டு நிலவறையில், தராசு என் அலுமாரியில். அவரிடம் இருக்கும் துவக்குக்கு அளவு தெரியாது. என்னிடம் இருக்கும் அளவுக்குத் துவக்கு இல்லை. இனி அவர் விளிம்பு வரை நிரப்பிச் சுட்டுக்கொண்டு திரியட்டும். சத்தத்துக்குப் புள்ளி கிடைக்கும்.

ஜூலை 27, சனி

தவமணி யன்னலில் நின்று சொன்னாள்: "பாண் கடைக்கு முன்னால ஒரு கார் கனநேரமா நிக்குது. பாண் வாங்க வந்த மனுசனெண்டால் இவ்வளவுக்கு ஆறு பாண் திண்டு முடிச்சிருப்பான்."

நான் எழும்பவில்லை.

"நீங்கள் பாக்கேல்லையோ?"

"பாக்க என்ன இருக்கு."

அவள் உள்ளே போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மேசையில் தராசை வைத்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் போத்தல். ரவை.

"வறுக்காதது" என்றாள்.

"தவமணி, இனி ஏன்…"

"அளவு இன்னும் முடியேல்லைத்தானே?" என் முகத்தைப் பார்க்காமல் மேசை விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். "முடிஞ்ச நாளோட நிப்பாட்டவேணும் எண்டுதானே சொன்னனான். முடியாததுக்கு நான் என்ன செய்ய? இரண்டு கிழமையா வீட்டுக்குள்ள நடந்து என்ர நிலத்தைத் தேய்ச்சது போதும். போயிட்டு வாங்கோ."

உள்ளே நிரூபா யாரிடமோ தொலைபேசியில், "வாறார், மாமா" என்றாள். சின்னக் குரலில்தான் சொன்னாள். எனக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது.

காரில் ஏறினேன். அவர் என்னைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்து, அந்தச் சொல்லைக் காணாமல் மூடிக்கொண்டார். நானும் அப்படித்தான். 'தில்லையம்பலம்' என்று நேரே கூப்பிட என் வாய் பழகவில்லை. 'மாஸ்டர்' என்று கூப்பிட அவர் வாயும் பழகவில்லை. பட்டணம் தாண்டும்வரை இருவரும் வீதியைப் பார்த்தோம். பாட்டும் பாடவில்லை. வழி தவறிவிட்டார். நான் "இடப்பக்கம்" என்றேன். அவர் "ஓம்" என்றார். பெயரில்லாமல் எவ்வளவு தூரம் கதைக்கலாமோ அவ்வளவுதான் கதைத்தோம்.

கல்லுக்குழியில் இறங்கியதும் குடிசை வாசலில் நின்று ரெனார் கையை உயர்த்தி, "சம்பந்தி!" என்று கத்தினார்.

இரண்டுபேரும் திரும்பினோம்.

பலகையில் இரண்டு பெயரும் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. ரெனாருக்கு எங்கள் வீட்டுச் செய்தி ஒன்றும் தெரியாது. சொல்லி விளக்க எங்கள் இருவரின் பிரெஞ்சும் போதாது.

மருந்தை நிறுத்தேன். வழக்கம்போல ரவையை அவரிடம் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. "இண்டைக்கு நீங்களே போடுங்கோ. என்ர கை…" என்று இழுத்தார். "நீங்கள் போட்டால் சரியா வரும்." குனிந்து செப்புத் தொப்பிகளை எண்ணத் தொடங்கினார். அவை எண்ணத் தேவையில்லாதவை.

நானே போட்டேன். குண்டை நானே அழுத்தினேன். கொழுப்பையும் நானே பூசினேன். நாற்பது வருடம் அளந்த கை இது. ஐந்தைச் சரியாகப் போட்டது.

புகை கலைந்ததும் இருவரும் இலக்குக்கு நடந்தோம். ஐந்து துளை கோப்பைக்குள். ஒன்று, நான்காம் அறையினது, ஒரு சாண் வெளியே. அவர் அந்தத் துளையில் சுட்டுவிரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். விரலில் கறுப்பு. கழுவத் தெரியாத மனிதர்.

"இன்னும் முடியேல்லை என்ன, சம்பந்தி?" என்றார்.

"எப்பிடி முடியும்?" என்றேன். "பக்கத்தில நிண்டு தொப்பி எண்ணிக்கொண்டிருந்தால் ஆருக்குத்தான் கை சரியா நிக்கும், சம்பந்தி?"

திரும்பும் வழியில் பாடினார். இரண்டாம் அடியை இன்றும் பிழையாகத்தான் பாடினார்.